கர்ப்ப காலத்தில் பாக்டீரியா தொற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொற்று குறித்துக் கர்ப்பிணிகளும் அவர்களுடைய வீட்டாரும் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு அச்சங்களிலிருந்து பிறக்கின்றன. கிருமி குழந்தையைத் தாக்கிவிடுமோ என்பது ஒன்று. கிருமிக்குக் கொடுக்கும் மாத்திரை குழந்தையைப் பாதித்துவிடுமோ என்பது மற்றொன்று. இவற்றில் இரண்டாவதுதான் அதிகத் தீங்கு செய்கிறது என்பதே இந்தப் பக்கத்தின் கருத்து. வைரஸ், பூஞ்சை ஆகியவற்றால் வரும் நோய்களை விட்டுவிட்டு, பாக்டீரியா தொற்றுகள் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கர்ப்பமாக இருக்கும்போது சாதாரணத் தொற்றைக்கூட மருத்துவர்கள் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்?

கர்ப்பிணியின் நோய் எதிர்ப்பாற்றல் அடியோடு குறைந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. தந்தையின் மரபுக்கூறுகளையும் கொண்ட கருவை அந்நியப் பொருளாகக் கருதித் தள்ளிவிடாதபடி எதிர்ப்பு அமைப்பு தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் சில குறிப்பிட்ட கிருமிகளுக்கு மட்டும் வழிவிடுகிறது. அதைவிட முக்கியமானது உடலமைப்பில் நேரும் மாற்றம். புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் விளைவால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. வளரும் கருப்பை அவற்றை, குறிப்பாக வலப்பக்கக் குழாயை, அழுத்துகிறது. தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமிகள் பெருகி மேலே ஏறுவது எளிதாகிறது.

குழந்தையைக் கிருமி எட்டும் வழிகளும் பல. பிறப்புறுப்பிலிருந்து மேலேறிப் பனிக்குடத்தை அடையலாம். தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடக்கலாம். பிரசவத்தின்போது பிறப்புப் பாதையில் ஒட்டிக்கொள்ளலாம். குழந்தையைத் தொடாமலேயே, தாய்க்கு வரும் கடும் காய்ச்சலும் அழற்சியும் குறைப்பிரசவ வலியைத் தூண்டிவிடுவதும் உண்டு.

எரிச்சல் இல்லை, கடுப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இருக்கிறது என்கிறார்கள். மாத்திரை அவசியம்தானா?

அவசியம். கர்ப்பம் இல்லாத, வேறு நோயில்லாத பெண்ணுக்கு இதே முடிவு வந்தால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. கர்ப்பிணிக்கு மட்டும் கணக்கு வேறு.

கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு, எந்த அறிகுறியும் இல்லாமலேயே சிறுநீரில் பாக்டீரியா இருக்கிறது. பெரும்பாலும் அது குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்ற கிருமிதான். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஒரே வகைக் கிருமி 1 லட்சத்துக்குக் குறையாமல் வளர்ந்தால் அதைத் தொற்று என்று கொள்வது வழக்கம். சிகிச்சை அளிக்காமல் விட்டால், இவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, சில கணக்குகளின்படி அதற்கும் மேலானவர்களுக்கு, பின்னர் சிறுநீரகத் தொற்று வருகிறது. சிகிச்சை கொடுத்தால் அந்த வாய்ப்பு மிகச் சிறிதாகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான், கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்க் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்யவும், கிருமி தெரிந்தால் ஏழு நாள் மருந்து கொடுக்கவும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

மாத்திரை முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடியும் கல்ச்சர் செய்யச் சொன்னால், "அதான் சரியாகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். உணரும்படி எதுவும் இல்லாமலே வந்த தொற்று போய்விட்டதா என்பதையும் உணர்ந்து சொல்ல முடியாது; பரிசோதனை ஒன்றுதான் சொல்லும்.

சிறுநீர் மாதிரியை எப்படிக் கொடுப்பது சரி?

பல தவறான முடிவுகள் பிறப்பது இந்த இடத்தில்தான். மூடியைத் திறந்து கழிவறைத் திண்டின் மேல் கவிழ்த்து வைப்பது, குப்பியின் உள்விளிம்பை விரலால் தொடுவது, முதல் துளியிலிருந்தே பிடிப்பது ஆகியவற்றால் தோலிலும் கையிலும் உள்ள கிருமிகள் மாதிரியில் கலந்துவிடுகின்றன. அறிக்கையில் "பல வகைக் கிருமிகள் வளர்ந்துள்ளன, மீண்டும் மாதிரி அனுப்பவும்" என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பை முன்னிருந்து பின்னாக வெறும் நீரால் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் சிறிதளவை வெளியே விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் குப்பியில் பிடித்து, உடனே மூடுங்கள். ஆய்வகம் வழங்கும் கிருமி நீக்கிய குப்பி மட்டுமே ஏற்றது. வீட்டிலிருந்து கழுவி எடுத்துவரும் மருந்து பாட்டில் உதவாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளையை விழுங்குவதற்கு முன்பே மாதிரி கொடுத்துவிடுவது மிக முக்கியம்.

நீர்க்கடுப்பு உடல் சூட்டினால் வருவதுதானே? பார்லித் தண்ணீர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு போதாதா?

நீர் குறைவாகக் குடித்தாலும் எரிச்சல் வரும் என்பதால் இந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. நிறைய நீர் அருந்துவது நல்லதுதான். பார்லித் தண்ணீருக்கும் இளநீருக்கும் பொதுவாகத் தடையில்லை, சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் இளநீரின் அளவைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கல்ச்சரில் கிருமி தெரிந்த பிறகு இவை மருந்துக்குத் துணையாகலாமே தவிர மருந்தாக முடியாது.

இடுப்புக்கு மேல் விலாவோரமாக வலி, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றே கொள்ள வேண்டும். அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயன்று. மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்றப்படும். தாயின் இரத்தத்தில் தொற்று பரவுவது, மூச்சுத் திணறல், குறைப்பிரசவம் மூன்றுக்கும் அது வழிவகுக்கக்கூடும். கர்ப்பகால முதுகுவலி என்று எண்ணி இரண்டு நாள் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதுகுவலிக்குக் குளிர் நடுக்கம் வராது.

வெள்ளைப்படுதல் அதிகமாக இருக்கிறது. அது தொற்றா?

கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் இயல்பாகவே கூடும். நிறமற்றோ பால் நிறத்திலோ, வாடையும் அரிப்பும் இல்லாமல் இருந்தால் அதற்கு மருந்து வேண்டியதில்லை. சாம்பல் நிறமாக, நீர்த்து, மீன் வாடையுடன் வந்தால் பிறப்புறுப்பில் இயல்பாக உள்ள லாக்டோபேசில்லஸ் கிருமிகள் குறைந்து வேறு கிருமிகள் பெருகியிருக்கின்றன என்று பொருள். இதற்கு மெட்ரோனிடசோல் தரப்படுகிறது. இந்நிலைக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருந்தாலும், அறிகுறியே இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதித்து மருந்து கொடுப்பதால் குறைப்பிரசவம் குறைவதாகத் தெரியவில்லை. ஆகவே தொல்லை இருந்தால் மட்டும் சொல்லுங்கள். வாசனைத் திரவங்களைக் கொண்டு உள்ளே கழுவுவதை முற்றிலும் தவிருங்கள். பிரச்சினையை வளர்ப்பதே பல வேளைகளில் அதுதான்.

முதல் பரிசோதனையிலேயே பால்வினை நோய்க்கு இரத்தம் எடுக்கிறார்களே, எங்களைச் சந்தேகப்படுகிறார்களா?

இல்லை. வி.டி.ஆர்.எல். என்று சீட்டில் எழுதப்படும் அந்தச் சோதனை சிபிலிஸ் என்னும் தொற்றைக் கண்டறிவதற்கானது. அது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யப்படுவது. யாருக்குச் செய்வது என்று தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் சங்கடமும் மிஞ்சும், நோயும் தப்பிவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் ஒரே அட்டையில் பார்க்கும் முறையும் வந்துவிட்டது.

இந்தப் பட்டியலில் உள்ள தொற்றுகளுள் குழந்தைக்கு மிகக் கொடுமையானது எது என்று கேட்டால், சிகிச்சை பெறாத சிபிலிஸைத்தான் சொல்ல வேண்டும். தாய்க்கு வலியற்ற சிறு புண்ணாக வந்து தானே மறைந்துவிடுவதால் அவருக்கே தெரியாமல் இருக்கும். கிருமியோ நஞ்சுக்கொடியைக் கடந்து போகிறது. சிகிச்சையில்லாத நிலையில் பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் கருச்சிதைவு, வயிற்றிலேயே குழந்தை இறத்தல், குறைமாதப் பிறப்பு, பிறவி சிபிலிஸ் ஆகியவற்றுள் ஏதோவொன்றில் முடிகின்றன.

இவ்வளவு கொடிய நோய்க்கான மருந்து மிகப் பழையது, விலை குறைந்தது. பென்சதைன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசி, ஆரம்பநிலை நோய்க்கு ஒரு முறை. நீண்ட நாளானதாகவோ எப்போது வந்தது என்று தெரியாததாகவோ இருந்தால் வாரம் ஒன்றாக மூன்று முறை. வயிற்றில் உள்ள குழந்தையையும் சேர்த்துக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இது ஒன்றுதான். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்குக்கூட வேறு மருந்துக்கு மாறாமல், மருத்துவமனையில் வைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கிய பின் பென்சிலினையே தருவதற்குக் காரணம் இதுதான். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன்பாவது சிகிச்சை நடந்திருக்க வேண்டும் என்பதால்தான் முதல் வருகையிலேயே இரத்தம் எடுக்கப்படுகிறது.

இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வி.டி.ஆர்.எல். சில வேளைகளில் நோய் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும்; ஆகவே முடிவைக் கண்டவுடன் குடும்பத்தில் பூகம்பம் கிளப்பாமல், டி.பி.எச்.ஏ. போன்ற உறுதிச் சோதனை வரும்வரை பொறுக்க வேண்டும். உறுதியானால் கணவருக்கும் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் தொற்று திரும்பி வரும். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. எல்லாக் கர்ப்பிணிகளையும் விடாமல் சோதித்து, ஒரு மலிவான ஊசியை நேரத்தில் போட்டால் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு அது நம் கண்ணெதிரே உள்ள சான்று.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காவுக்கு 36ஆம் வாரத்தில் ஜி.பி.எஸ். சோதனை செய்தார்கள். எனக்கு ஏன் செய்யவில்லை?

ஜி.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்லப்படும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா, ஆரோக்கியமான பெண்கள் பலருடைய குடலிலும் பிறப்புறுப்பிலும் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. பிரசவத்தின்போது குழந்தைக்குச் சென்றால், தடுப்பு மருந்து இல்லாத நிலையில், இக்கிருமியைச் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ முதல் வாரத்திலேயே இரத்தத் தொற்று, நிமோனியா, மூளையுறை அழற்சி ஆகியவற்றுக்கு ஆளாகின்றன.

இதை எதிர்கொள்வதில் நாடுகள் ஒரே வழியில் செல்லவில்லை. அமெரிக்காவில் 36, 37ஆம் வாரங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கிறார்கள். பிரிட்டன் எல்லோருக்கும் செய்வதில்லை. ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களுக்கு மட்டும் பிரசவ நேரத்தில் மருந்து தருகிறது. இந்தியாவிலும் எல்லோருக்குமான சோதனை நடைமுறையில் இல்லை. ஆகவே உங்கள் மருத்துவர் எதையும் தவறவிட்டார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் முந்தைய குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தால், இந்தக் கர்ப்பத்தில் சிறுநீரில் இதே கிருமி கண்டிருந்தால், குறைமாதத்தில் வலி வந்தால், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்தால், பிரசவ வலியின்போது காய்ச்சல் இருந்தால் நரம்பு வழியாகப் பென்சிலின் அல்லது ஆம்பிசிலின் தேவைப்படும். குழந்தை பிறப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பாவது அது ஏறியிருப்பது நல்லது. கர்ப்பத்தின் நடுவிலேயே மாத்திரையாகச் சாப்பிட்டு முடித்துவிடுவதில் பயனில்லை. பிரசவத்துக்குள் கிருமி மீண்டும் குடியேறிவிடும்.

பனிக்குடம் உடைந்துவிட்டது, வலி வரவில்லை. வலி வரும்வரை வீட்டில் காத்திருக்கலாமா?

கூடாது. உடைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். அணையாடை ஒன்றை வைத்து, நீரின் நிறத்தையும் வாடையையும் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். குளியல் தொட்டி, தாம்பத்திய உறவு, வீட்டில் யாரேனும் விரலால் சோதித்துப் பார்ப்பது எல்லாம் கிருமியை மேலே அனுப்பும் வழிகள். மாதம் நிறைந்தவருக்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி வந்துவிடும், வராவிட்டால் தூண்டுவார்கள். 37 வாரத்துக்கு முன்பே உடைந்தால் கணக்கு சிக்கலானது: தொற்றைத் தள்ளிப்போட எரித்ரோமைசின் போன்ற மருந்தும், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசியும் கொடுத்து, காத்திருப்பதா பிரசவத்தை நடத்துவதா என்று மருத்துவர்கள் தீர்மானிப்பார்கள். காய்ச்சல், வயிற்றைத் தொட்டால் வலி, துர்நாற்றம், குழந்தையின் இதயத் துடிப்பு விரைதல் ஆகியவை தோன்றினால் பனிக்குடத்துக்குள்ளேயே தொற்று வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு காத்திருப்பதற்கு இடமில்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. டெங்கு இல்லை என்று முடிவு வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

காய்ச்சல் தொடர்ந்தால் இருக்க முடியாது. டெங்குவை மட்டும் தேடிவிட்டு நிறுத்திக்கொள்வதில் தப்பிப்போகும் நோய்களில் முதன்மையானது ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். புதரிலும் வயலோரத்திலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் ஓரியன்சியா என்ற பாக்டீரியா உடலில் ஏறுகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்து மருத்துவர்களுக்கு இது நன்கு பழக்கமான நோய். மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் கூடுதலாக வருகிறது.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். வலியோ அரிப்போ இராது. மார்பின் அடியிலும், அக்குளிலும், பாவாடை நாடா கட்டும் இடுப்பு மடிப்பிலும், தொடை இடுக்கிலும் அது ஒளிந்திருக்கும். கூச்சத்தால் இவ்விடங்களைக் காட்டாமல் விட்டு நோய் பிடிபடாமல் போவது உண்டு. காய்ச்சலுடன் மருத்துவமனை செல்லும் கர்ப்பிணி, பெண் செவிலியரிடமாவது உடல் முழுவதையும் பார்க்கச் சொல்வது நல்லது. காலம் தாழ்ந்தால் கருச்சிதைவும் வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் நேரலாம். மற்றவர்களுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினுக்குப் பதிலாகக் கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது.

டைபாய்டு, எலிக்காய்ச்சல் ஆகியவையும் இதே பருவத்தில் வருபவை. இரண்டுக்கும் கர்ப்பத்தில் கொடுக்கத்தக்க மருந்துகள் உள்ளன. எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் அதைக் குறைக்கப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவற்றைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

காசநோய் சிகிச்சையில் இருக்கும்போது கர்ப்பம் உறுதியானது. மாத்திரையை நிறுத்தலாமா? கருவைக் கலைக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய வழக்கமான மருந்துகள் கர்ப்பத்திலும் தொடர்கின்றன. நரம்புப் பாதிப்பைத் தடுக்க பைரிடாக்சின் சேர்க்கப்படும். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி குழந்தையின் செவித்திறனைப் பாதிக்கக்கூடியது என்பதால் அது மட்டும் தவிர்க்கப்படுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் காசநோய்க்கு மட்டும் தனி ஆலோசனை தேவை. தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

உணவிலிருந்து வரும் தொற்றில் எதற்கு அஞ்ச வேண்டும்?

லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவுக்கு. குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் அது பெருகும் என்பதுதான் அதன் தனித்தன்மை. தாய்க்குச் சாதாரண சளிக்காய்ச்சல்போல வந்து போய்விட்டு, குழந்தையின் உயிரைப் பறித்துவிடக்கூடியது. பாலைப் பொங்கக் காய்ச்சுவதும், சோறு குழம்பைச் சூடாக உண்பதும் நம் வீடுகளின் பழக்கம் என்பதால் பாதி பாதுகாப்பு அங்கேயே கிடைத்துவிடுகிறது. காய்ச்சாத பால், பாஸ்டரைஸ் செய்யாத பாலில் ஆன மென்மையான பாலாடைக்கட்டி, சூடாக்காமல் உண்ணும் பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றை வெளிநாட்டில் வாழ்பவர்கள் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும். பெட்டியில் மூன்று நான்கு நாள் இருந்த குழம்பு எங்கே இருந்தாலும் வேண்டாம்.

எந்த ஆன்டிபயாட்டிக் கர்ப்பத்தில் பாதுகாப்பானது?

பென்சிலின், அமாக்சிசிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகள் பல தலைமுறைகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகின்றன. அசித்ரோமைசினும் பரவலாகப் பயன்படுகிறது. டெட்ராசைக்ளின் வகை, கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையின் பற்களில் கறையை உண்டாக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் வகையை வேறு வழி இருக்கும்போது தவிர்க்கிறார்கள். சில மருந்துகளில் மாதமே முக்கியம்: கோட்ரைமாக்சசோல் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் முதல் மூன்று மாதங்களிலும், குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாகலாம் என்பதால் பிரசவம் நெருங்கும்போதும் தவிர்க்கப்படுகிறது, சிறுநீர்த் தொற்றுக்கு நன்கு பயன்படும் நைட்ரோஃபுரான்டாயின் கடைசி வாரங்களில் நிறுத்தப்படுகிறது.

இதனால்தான் மருந்துக் கடையில் "நீர்க்கடுப்புக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டு வாங்குவதும், மைத்துனிக்கு எழுதிய சீட்டைக் காட்டுவதும் ஆபத்தாகின்றன. கர்ப்பம் என்பதையும் எத்தனையாவது வாரம் என்பதையும் எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் மருத்துவராக இருந்தாலும், முதல் சொல்லாகச் சொல்லுங்கள். எழுதியதை வாங்கிய பின் எத்தனை நாளோ அத்தனை நாளும் சாப்பிடுங்கள். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டதென்று நிறுத்தினால், மிஞ்சிய கிருமி பெருகித் தொற்று திரும்பக்கூடும்.

தடுப்பூசியால் தடுக்கக்கூடிய பாக்டீரியா நோய்கள் உண்டா?

உண்டு. முன்பு டி.டி. என்று அழைக்கப்பட்ட இரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி, இப்போது அந்நோயோடு தொண்டை அடைப்பானையும் (டிப்தீரியா) தடுக்கும் கூட்டு ஊசியாகப் போடப்படுகிறது. நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் இரணஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015இல் அறிவிக்கப்பட்டதில் இந்த ஊசிக்கும் மருத்துவமனைப் பிரசவத்துக்கும் பெரும் பங்குண்டு. கக்குவான் இருமலுக்கு எதிரான ஊசியை 27 முதல் 36ஆம் வாரத்துக்குள் போட்டுக்கொண்டால், தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தைக்கு முதல் மாதங்களில் காப்பாக அமைகின்றன.

குழந்தை பிறந்த நான்காம் நாள் காய்ச்சல் வருகிறது. பால் கட்டியதால்தானே?

இருக்கலாம், ஆனால் அதுதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல், உதிரப்போக்கில் துர்நாற்றம், அடிவயிற்று வலி, தையல் போட்ட இடத்தில் சிவப்பும் சீழும், விரைந்த மூச்சு, மனக்குழப்பம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். நிலைமை மோசமானால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பச்சை உடம்புக்காரியை வெளியே அழைத்துப் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு இங்கே இடமே கிடையாது.

பிரசவத்துக்குப் பின்வரும் கருப்பைத் தொற்று ஒருகாலத்தில் பெரிய மருத்துவமனைகளிலேயே தாய்மாரைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செமல்வைஸ், பிணப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வைத்தபின் இறப்புகள் சரேலெனக் குறைந்தன. அவர் சொன்னதை ஏற்க மருத்துவ உலகம் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது வேறு கதை. இன்னும் இந்தத் துறையில் புதிய சான்றுகள் வந்துகொண்டிருக்கின்றன: இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 29,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், இயல்பான பிரசவத்தை எதிர்நோக்கி வலியில் இருந்தோருக்கு ஒரே ஒரு முறை 2 கிராம் அசித்ரோமைசின் கொடுத்தபோது, தாயின் இரத்தத் தொற்றோ இறப்போ நேர்வது 2.4 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. குழந்தைகளிடம் அத்தகைய பலன் காணப்படவில்லை.

முந்தைய கர்ப்பத்தில் வந்த தொற்று இந்த முறையும் வருமா?

தொற்றைப் பொறுத்தது. சிறுநீர்த் தொற்று திரும்பும் இயல்புடையது. ஆகவே அடிக்கடி கல்ச்சர் செய்வார்கள். சிபிலிஸ் குணமானவருக்கும் புதிதாக மீண்டும் வரலாம். முந்தைய குழந்தைக்கு ஜி.பி.எஸ். நோய் வந்திருந்தால் சோதனையே இல்லாமல் இம்முறை பிரசவ நேரத்தில் மருந்து கொடுக்கப்படும். இவை எதுவும் உங்களைப் பார்த்தவுடன் புதிய மருத்துவருக்குத் தெரியப்போவதில்லை. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குச் செல்லும்போது ஊரும் மருத்துவமனையும் மாறிவிடுவதால், பழைய கல்ச்சர் அறிக்கைகள், போட்ட ஊசிகளின் சீட்டு, குழந்தையின் டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றைத் தாய்சேய் நல அட்டையுடன் ஒரே உறையில் வைத்து, ஏழாம் எட்டாம் மாதத்தில் முதல் வருகையிலேயே காட்டிவிடுங்கள்.